ருசி முந்துமா, சூடு முந்துமா?

ஜூன் மாதம் முதல் வாரம். விடிந்து அரைமணி இருக்கும். பக்கத்து நிலத்துக்காரர் கதவைத் தட்டி, "வந்து பார்" என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். அந்த நடையில் இருந்த வருத்தம் பின்னால் போன எனக்கும் தெரிந்தது.

அவருடைய முக்கால் ஏக்கர் சோயா. முந்தின நாள் மாலை வரை வரிசை வரிசையாக, விரல் உயரத்தில், பருப்பு இரண்டும் விரிந்து நடுவே முதல் இலை ஜோடியோடு நின்றது. இப்போது காட்டோரமாக இருந்த பத்துப் பன்னிரண்டு வரிசையில் தீக்குச்சி நட்டு வைத்த மாதிரி மொட்டைத் தண்டுகள். குனிந்து ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். அரிவாள்மணையில் அரிந்த சுத்தம் அந்த நுனியில் இல்லை. பிய்ந்த நார் தொங்கியது. முயல் கடித்திருந்தால் சாய்வாகச் சீவினாற்போல் இருக்கும். மானுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. கீழே இருக்கும் எட்டுப் பல்லை மேலே உள்ள தடித்த ஈறோடு அழுத்தி, தலையை ஒரு சொடுக்குச் சொடுக்கிப் பிய்த்தெடுக்கும். அந்த நார் மானின் கையெழுத்து.

நான்காம் நாள் முக்கால் ஏக்கரும் போய்விட்டது.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தின் தென்மேற்கு மூலை. குன்றும் பள்ளத்தாக்கும் ஓக் மரக்காடும் மாறி மாறி வரும் பூமி. வெண்வால் மான்களுக்கு இதைவிட நல்ல ஊர் கிடையாது. அந்த சோயாவைப் பற்றி முதன்முறை கேள்விப்படுகிறவர்களுக்குக் குழப்பமாக இருக்கும். ஏனென்றால் அது விதைக்கப்பட்டதே மானுக்காகத்தான். இங்கே வேட்டைப் பருவத்தை நம்பி நிலம் வைத்திருப்பவர்கள், காட்டோரத்தில் மானுக்கென்று துண்டு துண்டாகப் பயிர் வைக்கிறார்கள். ஃபுட் பிளாட் என்பது அவர்கள் பேச்சு. தீனிப் பாத்தி என்று வைத்துக்கொள்வோம். சோயா, காராமணி, க்ளோவர், ஓட்ஸ், டர்னிப் எல்லாம் போடுவார்கள். 1900 வாக்கில் இந்த நாட்டில் வெண்வால் மான் சில லட்சமாகக் குறைந்திருந்தது. காட்டுயிர்களைக் காக்க அந்த ஆண்டு வந்த லேசி சட்டமும், 1937இல் துப்பாக்கி, தோட்டா மீதான வரியைக் காட்டுயிர்களுக்கே ஒதுக்கிய பிட்மன்-ராபர்ட்சன் சட்டமும் கைகொடுக்க, இன்று சுமார் 3 கோடி. அவ்வளவு வாயும் ஒரே நேரத்தில் பசுமையைத் தேடும் மாதம் ஜூன்.

மானுக்காகப் போட்ட பயிரை மானிடமிருந்தே ஏன் காக்க வேண்டும்? மொட்டை மாடியில் வடாம் காயவைத்தவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. வடாம் வீட்டுக்காரர்கள் தின்னத்தான். ஆனால் பிழிந்த ஈரம் காயுமுன் ஆளாளுக்கு விண்டு வாயில் போட்டால் டப்பாவில் போட ஒன்றும் மிஞ்சாது. இரண்டு மூன்று நாள் காவல், பிறகு ஒரு வருஷத்துத் தீனி. பாத்திக்கும் கணக்கு அதேதான். ஐந்தாறு வாரம் காத்துவிட்டால் அதே முக்கால் ஏக்கர் பனிக்காலம் வரை மானுக்குச் சோறு போடும்.

அந்தக் கோடையில் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தாள். பக்கத்து நிலத்துக்காரர் மறுபடி விதைக்க வாங்கிவைத்த மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி அள்ளினாள். பழுப்பு விதை, விளிம்பில் சுண்ணாம்பு தடவினாற்போல் ஒரு வெள்ளைக் கோடு.

"ஏண்டி, இது நம்ம மொச்சை இல்ல?"

மொச்சையேதான். லாப்லாப் என்று அமெரிக்க வேட்டைக்காரர்கள் மூட்டை மூட்டையாக வாங்கும் தீவன விதையும், நம் அவரை மொச்சையும் ஒரே இனம். பொங்கலுக்குக் குழம்பு வைக்கும் மொச்சையை இங்கே மானுக்குப் படைக்கிறார்கள் என்றதும் அம்மாவுக்கு அந்த மனிதர்மேல் ஒரு தனி மரியாதை வந்துவிட்டது.

சோயாத் தண்டு ஒரே கடியில் ஏன் செத்துப்போகிறது என்பதை அடுப்படியிலேயே பார்க்கலாம். பச்சைப்பயறை இரவு ஊறவைத்து, துணியில் கட்டித் தொங்கவிட்டு, மூன்றாம் நாள் ஒன்றை எடுத்துத் தோலை உரியுங்கள். பருப்பு இரண்டாகப் பிரியும். இரண்டுக்கும் நடுவே, மடித்த வெற்றிலை போல், கடுகளவில் வெளிறிய இலை ஜோடி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். வரப்போகிற செடி முழுக்க அந்தக் கடுகில்தான் இருக்கிறது. சோயா முளைக்கும்போது பருப்பையும் அந்த இலை ஜோடியையும் தூக்கிக்கொண்டு மண்ணுக்கு மேலே வந்துவிடும். பருப்புக்கு மேலே கடிபட்டால், பருப்பு ஒட்டிய கணுவிலிருந்து சிறு தளிர் விட்டுப் பிழைக்க வழி உண்டு. பருப்புக்குக் கீழே கடிபட்டால் வெறும் தண்டும் வேரும்தான் மிச்சம். அங்கே தளிர் விட மொட்டே கிடையாது.

ஓட்ஸும் ரை தானியமும் வேறு ஜாதி. வெங்காயத்தாளை அரிந்துகொண்டு அடியைத் தண்ணீரில் வைத்தால் நாலு நாளில் மறுபடி நீளுமே, அந்த மாதிரி. புல்வகைப் பயிரின் குருத்து இளம் வயதில் மண்ணுக்குள் இருக்கும். மான் மேயும் இடம் வேறு, செடி வளரும் இடம் வேறு. அதனால்தான் க்ளோவர் விதைக்கும்போது ஓட்ஸைக் கலந்து தூவுகிறார்கள். ஓட்ஸ் முந்திக்கொண்டு முளைத்து, கடியை வாங்கிக்கொண்டு, மறுபடி வளர்ந்து, கீழே இருக்கும் சின்னதுக்கு நேரம் வாங்கித் தருகிறது. வீட்டில் மூத்த பிள்ளை செய்கிற வேலை.

சரி, இத்தனை பசுமையான காட்டை விட்டுவிட்டு மான் ஏன் முளையை மட்டும் தேடி வருகிறது? அதன் வயிற்றைப் பார்க்க வேண்டும். மாட்டைப் போலவே மானுக்கும் நான்கு அறை. முதல் அறை மாவுப் பானை. தின்றது அங்கே விழ, நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்துக் கரைக்கும். மாட்டின் பானை பெரியது. வைக்கோலைப் போட்டாலும் நிதானமாகப் புளிக்கவைத்து அடக்கிக்கொள்ளும். மானின் பானை அதன் உடலுக்குச் சின்னது. நாராகக் கிடந்து இடத்தை அடைக்கும் எதையும் அது ஏற்காது, சீக்கிரம் கரைவதுதான் வேண்டும். சந்தையில் வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்குகிற கையைப் போல மானின் வாய் ஒவ்வொரு நுனியாகப் பார்த்துப் பொறுக்கும். நாரே ஏறாத, புரதம் கூடிய சோயா முளைக்கு ஈடாக ஜூன் மாதக் காட்டில் அதிகம் இல்லை. அப்போதுதான் பெண்மான்கள் குட்டி போட்டுப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டும் தேடிக் கொடுப்போமே, அந்தத் தேவை அதற்கும் உண்டு. இதை எண்ணும்போது அந்த மானின் மேல் கோபம் வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. புதுத் தீனி எதுவாக இருந்தாலும் மான் முதலில் கொஞ்சமாகத்தான் கடித்துப் பார்க்கும். அதைக் கரைக்கத் தெரிந்த நுண்ணுயிர்கள் வயிற்றில் பெருகப் பெருக, அதே தீனி நன்றாகச் செரிக்கும். செரிக்கச் செரிக்க இன்னும் தேடும். ருசி நாக்கில் மட்டும் இல்லை, பானைக்குள்ளும் ஊறுகிறது.

பூனையைப் பற்றித் தமிழில் இரண்டு பழமொழி உண்டு. ருசி கண்ட பூனை உறிக்கு உறி தாவும். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது. மான் வேலியின் சூத்திரம் முழுவதும் இந்த இரண்டு வரிக்கு நடுவில் இருக்கிறது. மானுக்கு ருசி முதலில் கிடைத்ததா, சூடு முதலில் கிடைத்ததா என்பதுதான் கேள்வி. விதைத்த அன்றே வேலியைப் போட வேண்டும். முளை தெரிந்தபின், அதுவும் மொட்டைத் தண்டைப் பார்த்தபின் போடுகிற வேலி ஏற்கெனவே தாவத் தெரிந்த பூனைக்கு முன்னால் வைத்த தட்டி. எட்டடி உயரத்தைத் தாண்டக்கூடிய பிராணி அது. அந்த முதல் வருஷம் நாங்கள் செய்த பிழை அதுதான். கம்பம் எல்லாம் களஞ்சியத்தில் கிடந்தது, மழை விட்டதும் நடலாம் என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டோம்.

வாசனை, மிரட்டல் வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வடாமுக்குப் பக்கத்தில் கறுப்புக் குடையை விரித்துவைத்தால் முதல் நாள் காகம் வராது. மூன்றாம் நாள் அதே குடைமேல் உட்கார்ந்து வடாமைப் பார்க்கும். தகரம் தொங்கவிடுவது, சோப்புக் கட்டி கட்டுவது, முடி தூவுவது எல்லாம் குடைதான். அழுகிய முட்டையிலிருந்து செய்த தெளிப்பு மருந்து கொஞ்சம் பரவாயில்லை. அந்தக் கந்தக நாற்றம் இறைச்சி தின்னும் மிருகம் பக்கத்தில் இருக்கிறது என்று மானுக்குச் சொல்லும். ஆனால் மழை கழுவிவிடும். இன்று தெளித்த இலைக்கு மேலே நாளை வரும் இலையில் மருந்து இருக்காது, மான் தின்ன வருவதோ அந்தப் புது இலையை. மில்வாக்கி நகரம் தன் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நுண்ணுயிர்களைக் காயவைத்து 1926 முதல் மில்ஆர்கனைட் என்ற பெயரில் உரமாக விற்கிறது. அதன் வாடைக்கு மான் தயங்குவதைக் கண்டு பாத்தியைச் சுற்றித் தூவுகிறவர்கள் இங்கே பலர். உரத்துக்கு உரம், சில வாரத்துக்குத் தயக்கம். பசி கூடினால் தயக்கம் போய்விடும்.

மின்வேலிக்கு வருவோம். இது சுவர் இல்லை. பிளாஸ்டிக் நாடாவில் மெல்லிய கம்பி இழை ஓடும், அவ்வளவுதான். கன்றுக்குட்டி முட்டினாலே அறுந்துவிடும். அதற்குப் பலம் தருவது துடிப்பூட்டி என்ற சின்னப் பெட்டி. அதை பிரஷர் குக்கர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தை வாங்கி உள்ளே சேர்த்துவைக்கும், குக்கரில் ஆவி சேருவது போல. சேர்ந்ததும் ஒரே விசிலில் வெளியே விடும். அந்த விசில் ஐயாயிரம் வோல்ட்டுக்கு மேல் இருக்கும், ஆனால் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நீடிக்காது. பிறகு ஒரு விநாடி அமைதி. மறுபடி விசில். தணலில் சுடும் அப்பளத்தை அம்மா வெறும் விரலால் புரட்டுவாள். தணலின் சூடு குறைவு என்பதால் இல்லை, விரல் அங்கே இருக்கும் நேரம் குறைவு என்பதால் தோல் வேகாது. இந்தத் துடிப்பும் அப்படித்தான். திடுக்கிட வைக்கும், வலிக்கும், ஆனால் உடம்பில் தங்கி எரிக்க நேரம் எடுத்துக்கொள்ளாது. இரண்டு துடிப்புக்கு நடுவே உள்ள அந்த ஒரு விநாடிதான் தொட்ட பிராணி விலகிப்போவதற்கான வாசல்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டு மின்கம்பியிலிருந்து நேராக இழுத்து வேலியில் கட்டுவது இதே வேலை இல்லை. அதில் இடைவெளியே கிடையாது. தொட்ட தசை இறுகிப் பிடித்துக்கொள்ளும், விட முடியாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே மூன்று யானைகள் அப்படிப்பட்ட கள்ள வேலியில் செத்துக் கிடந்தன. அவற்றோடு வந்த குட்டிகள் இரண்டு பிழைத்துத் தனியே நின்றன. அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நான் சொல்வது, பாதுகாப்பு விதிப்படி செய்து விற்கும் துடிப்பூட்டியை மட்டுமே.

துடிப்பு மானின் உடம்பில் பாய வேண்டுமானால் அது மண் வழியாகப் பெட்டிக்குத் திரும்பிவர வேண்டும். எண்ணெய் டின்னில் ஒரு பக்கம் மட்டும் ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் மக்கு மக்கென்று முக்குமே தவிர ஒழுங்காக வராது. எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டதும் சரளமாக இறங்கும். மண்ணில் அடிக்கும் எர்த் கம்பிதான் அந்த இரண்டாம் ஓட்டை. ஆறடிக் கம்பி மூன்றை, பத்தடிக்கு ஒன்றாக, ஈரம் இருக்கும் இடத்தில் அடிப்பார்கள். விலை கூடிய பெட்டியை வாங்கிவிட்டு இரண்டடிக் கம்பி ஒன்றைக் காய்ந்த மண்ணில் செருகி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது ஓட்டை போடாத டின்.

அடுத்தது களை. வளர்ந்த புல் கம்பியைத் தொட்டால் துடிப்பு அதன் வழியாகச் சிறுகச் சிறுக மண்ணுக்குள் கசியும். கேஸ்கட் தேய்ந்த குக்கர் ஓரமெல்லாம் புஸ்ஸென்று விட்டுக்கொண்டு விசிலே அடிக்காமல் நிற்பது போல. வேலிக்கு அடியில் வாரம் ஒருமுறை புல் வெட்டுவது அந்தக் கேஸ்கட்டை மாற்றுவதுதான்.

இவ்வளவு செய்தாலும் ஒரு சிக்கல் மிச்சம். மானின் ரோமம் நல்ல உறை. முதுகோ விலாவோ உரசினால் சூடு உறைக்காது. மூக்கில் பட வேண்டும், நாக்கில் பட்டால் இன்னும் நல்லது. இதற்கு இங்குள்ளவர்கள் கண்ட வழி நேராக அடுக்களையிலிருந்து வந்தது. சமையல் அலுமினியத் தாளை உள்ளங்கை அகலத்துக்குக் கிழித்து, உள்பக்கம் கடலை வெண்ணெய் தடவி, கம்பியின் மேல் இரண்டாக மடித்துத் தொங்கவிடுவார்கள். அம்மாவும் நானும் ஒரு மாலை நாற்பது தாள் மடித்தோம். பெட்டியை நிறுத்திவைத்துவிட்டுத்தான் தொங்கவிட வேண்டும், அதை மறக்கக் கூடாது. வாசனைக்கு மான் தானே வந்து மூக்கை நீட்டும். ருசியும் சூடும் ஒரே இடத்தில், ஒரே விநாடியில் கிடைக்கும். 2002இல் விஸ்கான்சின் மான்களிடம் ஒரு தீராத மூளை நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் மானுக்கு இரை வைப்பதற்குப் பல மாவட்டங்களில் தடை உண்டு. அதனால் இந்தக் கடலை வெண்ணெய் தங்கள் ஊரில் செல்லுமா என்று முதலில் கேட்டுக்கொள்வது முறை.

தாவும் மானை என்ன செய்வது? கரண்ட் போன இரவில் அடுக்களைக்குள் நுழைகிறீர்கள். வாசலில் ஒரு குடம் இருப்பது நிழலாகத் தெரிந்தால் தாண்டிவிடுவீர்கள். அதற்கு மூன்றடி தள்ளி இன்னொரு பாத்திரம் இருப்பதும் மங்கலாகத் தெரிந்தால், தாண்டிய கால் எங்கே இறங்கும் என்று நிச்சயமில்லாமல் வாசலிலேயே நின்றுவிடுவீர்கள். மானின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பவை. பின்னால் வருவதைக்கூடப் பார்க்கும், ஆனால் எதிரே இருப்பது எவ்வளவு தூரம் என்று கணிப்பதில் நம் கண்ணுக்கு ஈடு வராது. அதனால் வேலியை இரண்டாகப் போடுகிறார்கள். வெளியே ஒரே நாடா, ஒன்றரை அடி உயரத்தில். அதிலிருந்து மூன்றடி உள்ளே இரண்டு நாடா, 10 அங்குலத்தில் ஒன்று, 24 அங்குலத்தில் ஒன்று. இடுப்பு உயரம்கூட இல்லை. நின்ற இடத்திலிருந்து தாவினால் இரண்டையும் சேர்த்து மான் சுலபமாகக் கடந்துவிடும். ஆனால் இறங்கும் இடம் புரியாததால் தாவாது. தாவுவதைவிட நுழைந்து போகவே விரும்பும் பிராணி அது. கழுத்தை நீட்டி முகர்ந்து பார்க்கும். மூக்கு நாடாவில் படும்.

நான் அதை ஒருமுறை நேரில் பார்த்தேன். இரண்டாம் வருஷம், சூரியன் இறங்குகிற நேரம். பெண்மான் ஒன்று காட்டிலிருந்து வந்து வெளி நாடாவுக்கு முன் நின்றது. காது இரண்டும் முன்னால் திரும்பின. மூக்கு அலுமினியத் தாளைத் தொட்டது. ஓர் இழுப்பு இழுத்தாற்போல் உடம்பு முழுவதும் பின்னால் போய், வாலை உயர்த்தி வெள்ளையைக் காட்டியபடி காட்டுக்குள் பாய்ந்தது. அடுத்த பத்து நாளில் அந்தப் பக்கம் குளம்புத் தடம் எல்லாம் நாடாவுக்கு ஆறேழடி முன்னாலேயே திரும்பியிருந்தது.

பாத்தியின் அளவும் ஒரு வேலிதான். நாலு பேர் வீட்டில் ஒரு சொம்பு பாயசம் வைத்தால் ஆளுக்கு ஒரு வாய் என்றாலும் சொம்பு காலி. கல்யாணப் பந்தியில் அண்டா அண்டாவாக இருக்கும்போது சிறுவர்கள் இரண்டு தடவை கேட்டு வாங்கிக் குடித்தாலும் தெரியாது. ஐந்தாறு ஏக்கர் சோயாவில் மான் மேய்ந்தாலும் செடி முந்திக்கொள்ளும். முக்கால் ஏக்கருக்கு அந்த வசதி இல்லை, அதற்கு வேலிதான்.

வேலிக்குள்ளேயும் ஒரு சின்ன வேலி வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கம்பி வலையை மூன்றடி அகலத்துக்கு வட்டமாகச் சுருட்டி பாத்தி நடுவே நிறுத்திவிடுவார்கள். பெரிய வேலியை எடுத்தபின் இந்தக் கூண்டு மட்டும் நிற்கும். வெளியே செடி முழங்கால் உயரம், கூண்டுக்குள் இடுப்பு உயரம் என்றால் மான் எவ்வளவு தின்றது என்று கண்ணால் அளந்துவிடலாம். கூண்டுக்குள்ளும் முழங்கால்தான் என்றால் மான்மேல் பழி போடாமல் மண்ணைப் பார்க்க வேண்டும்.

அந்த இரண்டாம் வருஷம் வேலியை எடுக்க ஆகஸ்ட் நடுவில் நாள் பார்த்தோம். சோயா இடுப்பைத் தொட்டது, மொச்சைக் கொடி அதன்மேல் படர்ந்து ஊதாப் பூ வைக்கத் தொடங்கியிருந்தது. பெட்டியை அணைத்துவிட்டு நாடாவைச் சுருட்டினோம். கம்பங்களைப் பிடுங்கிக் கட்டாகக் கட்டி வண்டியில் போட்டார் அவர். நிலத்தைச் சுற்றி இப்போது ஒன்றுமே இல்லை. "இன்றைக்கே வந்துவிடும்" என்றேன். அவர் தலையை அசைத்து மறுத்தார்.

அன்று மாலை பெண்மான் வந்தது. குட்டிகள் இரண்டு கூட இருந்தன. நாடா இருந்த கோட்டுக்கு ஆறேழடி முன்னால் நின்று, காதைத் திருப்பித் திருப்பி, வெறும் காற்றை வெகுநேரம் முகர்ந்தது. மொச்சை வாசனை என் மூக்குக்கே வந்துகொண்டிருந்தது. இருட்டும்வரை நின்றுவிட்டுத் திரும்பிப் போனது. ஐந்தாம் நாள்தான் முதலில் ஒரு குட்டி, பிறகு தாய், அந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே கால் வைத்தன.